தரை தொடும் வரை – 7: ஒன்பது மணி முதல் ஒன்பது நாற்பத்தாறு வரை

கிடர்பூர் துறைமுகத்துக்கு வரும் கப்பலுக்குக் கடைசி ஒரு நாள்தான் பெரும் சோதனை. கொல்கத்தா கடலோரத்தில் இல்லை. வங்கக் கடலின் முகத்துவாரத்திலிருந்து ஹூக்ளி ஆற்றில் நூறு கிலோமீட்டருக்கும் மேல் ஏறி வர வேண்டும். ஆற்றுக்கு அடியில் மணல் திட்டுகள் ஓர் இடத்தில் நிற்பதில்லை. போன மாதம் ஆழமாக இருந்த வழி இந்த மாதம் தூர்ந்து கிடக்கும். அதனால் உலகத்தின் எந்த மூலையிலிருந்து எத்தனை அனுபவமுள்ள கேப்டன் வந்தாலும், முகத்துவாரத்தில் ஹூக்ளி பைலட் ஒருவர் கப்பலில் ஏறிக்கொள்வார். அவர் சொற்படிதான் சுக்கான் திரும்பும். ஏற்றம் வரும் வேளை பார்த்து ஆற்றில் ஏறி, கிடர்பூரின் மதகுக் கதவுக்குள் கப்பலை அங்குலம் அங்குலமாக நுழைக்க வேண்டும். ஏற்றம் தவறினால் காத்துக்கிடக்க வேண்டியதுதான். 1694-ல் 'ராயல் ஜேம்ஸ் அண்ட் மேரி' என்ற கப்பல் கடலையெல்லாம் கடந்து வந்து, இந்த ஆற்று மணலில் சிக்கி அழிந்தது. அந்தத் திட்டுக்கு இன்றும் அந்தக் கப்பலின் பெயர்தான்.

சென்ற வாரம் ராகேஷ் சர்மாவைக் கஜகஸ்தானின் அர்காலிக் நகருக்கு அருகே இறக்கிவிட்டு நிறுத்தியிருந்தோம். 1984 ஏப்ரல் 11. எட்டு நாள் விண்வெளியில் இருந்தவர் பத்திரமாகத் திரும்பினார். ஆனால் அவர் வந்த கலம் சோவியத் நாட்டுடையது, இறங்கிய தரையும் அவர்களுடையது. வழி தெரிந்த பைலட்டும் அவர்கள்தான். 'மேலே அனுப்ப நமக்குத் தெரியும், கீழே கொண்டுவரத் தெரியுமா?' என்ற கேள்வியோடு சென்ற அத்தியாயம் முடிந்தது. அதற்குப் பதில் கிடைக்க இருபத்து மூன்று வருடம் ஆயிற்று. பதில் கிடைத்த இடம், கிடர்பூர்க் கப்பல்கள் போய்வரும் அதே வங்கக் கடல்.

2007 ஜனவரி 10. ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து பி.எஸ்.எல்.வி. சி-7 கிளம்பியது. கார்ட்டோசாட்-2 உள்ளிட்ட நான்கு பொருள்கள் அதில் இருந்தன. மூன்று செயற்கைக்கோள்கள் மேலேயே இருக்கப் போகின்றன. நான்காவது மட்டும் திரும்பி வரப் போகிறது. எஸ்.ஆர்.இ.-1 என்று அதற்குப் பெயர். 550 கிலோ எடை, 1.6 மீட்டர் உயரம், அடிப்பகுதி இரண்டு மீட்டர் அகலம். மழுங்கிய மூக்கும், பின்னால் பாவாடை போல விரிந்த உடலும் கொண்ட கூம்பு. உள்ளே ஆள் கிடையாது. உலோகத்தை உருக்கிப் பார்க்கும் ஓர் உலையும், படிகங்களை வளர்த்துப் பார்க்கும் ஒரு கருவியும் இருந்தன. எடையற்ற நிலையில் அவை எப்படி வேலை செய்கின்றன என்று பார்ப்பது வெளியே சொன்ன காரணம். பொருளைப் பத்திரமாக வீட்டுக்குக் கொண்டுவர முடியுமா என்று பார்ப்பதுதான் உள்ளே இருந்த காரணம். மனிதனை அனுப்புவது பற்றிப் பேசுவதற்கு முன் இந்த ஒரு கேள்விக்கு விடை வேண்டும்.

பன்னிரண்டு நாள் அது பூமியைச் சுற்றிக்கொண்டிருந்தது. 637 கி.மீ. உயர வட்டப்பாதையில் இருந்ததை ஜனவரி 19 அன்று நீள்வட்டப் பாதைக்கு மாற்றினார்கள். ஒரு முனையில் 485 கி.மீ. வரை தாழும் பாதை. ஆற்றின் முகத்துவாரத்துக்கு வந்து நங்கூரம் போட்டாயிற்று. இனி உள்ளே நுழைய வேண்டும்.

ஜனவரி 22, காலை 8.42. பெங்களூரிலிருந்த கட்டுப்பாட்டு மையம் கலத்தைத் திருப்பச் சொன்னது. பயணத் திசையை நோக்கி எந்திரத்தின் வாயைத் திருப்பி நிறுத்த வேண்டும். சரியாக 9.00 மணிக்கு எந்திரம் எரியத் தொடங்கியது.

இந்த நொடியில் நின்று கொஞ்சம் யோசிப்போம். சுற்றுப்பாதையில் இருக்கும் பொருளைக் கீழே கொண்டுவர வேகத்தை முழுவதும் நிறுத்த வேண்டியதில்லை. நொடிக்கு ஏழரை கிலோமீட்டருக்கு மேல் ஓடும் கலத்தின் வேகத்தில் நூற்றுச் சொச்சம் மீட்டரைக் குறைத்தால் போதும். பாதை சரிந்து காற்று மண்டலத்தில் கால் வைத்துவிடும். மிச்சத்தைக் காற்று பார்த்துக்கொள்ளும். கேட்க எளிது. ஆனால் எந்த நொடியில் எரிக்கிறோம் என்பதில்தான் எல்லாமே இருக்கிறது. ஒரு நொடி தாமதித்தால் இறங்கும் இடம் ஏழெட்டுக் கிலோமீட்டர் தள்ளிப் போய்விடும்.

இதற்கு ஒரு சாட்சி உண்டு. 1965 மார்ச். முதன்முதலாக விண்வெளியில் கலத்தை விட்டு வெளியே மிதந்த அலெக்ஸி லியோனவும் அவர் தோழர் பாவெல் பெல்யாயெவும் வாஸ்கோத்-2 கலத்தில் திரும்பிக்கொண்டிருந்தார்கள். தானியங்கி முறை கைவிட்டுவிட்டது. கையால் எந்திரத்தை எரிக்க வேண்டும். குறுகலான கலத்துக்குள் திசை பார்க்க ஒருவர் இருக்கையை விட்டு நகர்ந்தாக வேண்டும். மறுபடி இருக்கைக்கு வந்து சேர நேரம் பிடித்தது. 46 நொடி தாமதம். 386 கி.மீ. தள்ளி, உரால் மலைப் பக்கத்துப் பனிக்காட்டில் இறங்கினார்கள். மரங்கள் நெருக்கமாக இருந்ததால் ஹெலிகாப்டர் இறங்க இடமில்லை. உறைய வைக்கும் குளிரில் இரண்டு இரவுகளைக் காட்டில் கழித்துவிட்டு, பனிச்சறுக்குக் கட்டைகளில் நடந்து வெளியே வந்தார்கள். உயிர் பிழைத்தார்கள். அது போதும் என்று அன்றைக்கு மாஸ்கோவில் எல்லோரும் மூச்சு விட்டிருப்பார்கள்.

எஸ்.ஆர்.இ.-1 இறங்க வேண்டிய இடம் கடல். அங்கே காடில்லை. ஆனால் தள்ளி விழுந்தால் தேடவும் ஒன்றும் மிஞ்சாது. அதனால் அதன் குரலைக் கேட்க லக்னோ, ஸ்ரீஹரிகோட்டா, மொரீஷியஸ், இந்தோனேசியாவின் பியாக், கனடாவின் சஸ்கடூன், நார்வேயின் ஸ்வால்பார்ட் எனப் பல நிலையங்கள் காது கொடுத்துக்கொண்டிருந்தன. கப்பலிலும் விமானத்திலும் கருவிகள் இருந்தன. 9.10-க்கு எந்திரம் அணைந்தது. 9.17-க்குக் கலம் மறுபடி திரும்பி மூக்கை முன்னால் நீட்டியது.

இனி யார் நினைத்தாலும் அதைத் திருப்பி மேலே அனுப்ப முடியாது.

*

காலை 9.37. உயரம் 100 கி.மீ. வேகம் நொடிக்கு 8 கி.மீ. மணிக்கு ஏறத்தாழ 29,000 கி.மீ.

இந்த வேகத்தில் ஓடும் ஒவ்வொரு கிலோவிலும் எவ்வளவு ஆற்றல் அடைபட்டிருக்கிறது தெரியுமா? அறை வெப்பத்தில் இருக்கும் பன்னிரண்டு கிலோ தண்ணீரைக் கொதிக்கவைத்து ஒரு சொட்டு மிச்சமில்லாமல் ஆவியாக்கிவிடலாம். இது ஒரு கிலோவுக்கு. கலமோ 550 கிலோ. இத்தனை ஆற்றலும் ராக்கெட் எரிபொருளிலிருந்து சிறிது சிறிதாகக் கலத்துக்குள் ஏற்றப்பட்டது. சில நிமிடங்களில் இதைத் தொலைத்தாக வேண்டும். தொலைக்கும் வழி ஒன்றே ஒன்று, வெப்பம். அந்த வெப்பத்தின் பெரும் பகுதி கலத்துக்குள் நுழையாமல் வெளியே போக வேண்டும். நுழைந்தால் எந்த உலோகமும் தாங்காது.

1950-களின் தொடக்கத்தில் இந்த இடத்தில்தான் எல்லோரும் திகைத்து நின்றார்கள். அதிவேகத்தில் போகும் எதற்கும் கூர்மையான மூக்கு வேண்டும் என்பது அன்றைய பாடம். அம்பு கூர்மை, ஈட்டி கூர்மை, ஜெட் விமானம் கூர்மை. அமெரிக்காவின் ஏம்ஸ் ஆய்வுக்கூடத்தில் இருந்த ஹாரி ஜூலியன் ஆலன் இந்தப் பாடத்தைத் தலைகீழாகப் போட்டார். கூரான மூக்கு காற்றைக் கிழித்துக்கொண்டு போகும்போது அதிர்ச்சி அலை உடலோடு ஒட்டிக்கொள்கிறது. வெப்பம் நேராக உடலில் இறங்குகிறது. மூக்கை மழுங்கடித்துப் பாருங்கள். காற்று விலக வழியில்லாமல் முன்னால் குவிந்து, அதிர்ச்சி அலை உடலை விட்டுச் சற்றுத் தள்ளி நிற்கிறது. பெரும்பாலான வெப்பம் அந்த அலையிலேயே தங்கி, காற்றோடு காற்றாகப் பக்கவாட்டில் ஓடிவிடுகிறது. ஆலனும் அவருடன் பணிபுரிந்த ஆல்ஃபிரட் எக்கர்ஸும் இதைக் கணக்குப் போட்டுக் காட்டினார்கள். ஏவுகணைகளுக்குப் பயன்படும் விஷயம் என்பதால் அந்த அறிக்கை சில ஆண்டுகள் ரகசியமாகவே பூட்டி வைக்கப்பட்டது. அதன்பின் வந்த மெர்க்குரி, அப்பல்லோ, சோயூஸ், டிராகன், நம்முடைய ககன்யான் என எதை எடுத்துப் பார்த்தாலும் அடிப்பாகம் மழுங்கித் தட்டையாக இருப்பதற்கு இதுதான் காரணம். இந்தத் தொடரை எழுதத் தொடங்கிய பிறகு, மனித உயிர்களைக் காத்த கண்டுபிடிப்புகளில் இதை எந்த இடத்தில் வைப்பது என்று பலமுறை யோசித்திருக்கிறேன். மிக உயர்ந்த இடத்தில்தான் வைக்க முடிகிறது.

ஆனாலும் மிச்ச வெப்பம் உடலைத் தொடத்தான் செய்யும். எஸ்.ஆர்.இ.-1-ன் மூக்கில் கார்பன் ஃபீனாலிக் என்ற பொருள் போர்த்தப்பட்டிருந்தது. வெப்பம் பட்டால் அது கரிந்து, மேற்புறம் கொஞ்சம் கொஞ்சமாக ஆவியாகித் தேயும். தேயும் ஒவ்வொரு படலமும் தன்னோடு வெப்பத்தை எடுத்துக்கொண்டு போகும். தன்னை அழித்துக்கொண்டு உள்ளே இருப்பதைக் காக்கும் கவசம். வெப்பம் அவ்வளவு கடுமையாக இல்லாத மற்ற பகுதிகளில் சிலிக்கா ஓடுகள். நுண்ணிய சிலிக்கா இழைகளால் ஆன அந்த ஓட்டின் உடலில் பெரும்பகுதி வெற்றிடம்தான். கையில் எடுத்தால் கனமே தெரியாது. ஒரு முகம் தணலாகச் சிவந்திருக்கும்போதும் அந்த வெப்பம் மறு முகத்துக்கு வந்து சேர வெகு நேரம் ஆகும். அதற்குள் கலம் குளிர்ந்த காற்றுக்கு வந்துவிட வேண்டும் என்பதுதான் கணக்கு.

இந்தக் கணக்கில் ஓர் ஓட்டை விழுந்தால் என்ன ஆகும் என்று எஸ்.ஆர்.இ.-1 குழுவுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியிருக்கவில்லை. நான்கே ஆண்டுகளுக்கு முன், 2003 பிப்ரவரி 1 அன்று, அதை உலகமே பார்த்தது. கர்னாலில் பிறந்த கல்பனா சாவ்லாவும் அவருடன் ஆறு பேரும் கொலம்பியா விண்ணோடத்தில் திரும்பிக்கொண்டிருந்தார்கள். ஜனவரி 16 அன்று கிளம்பியபோது, புறப்பட்ட 82-வது நொடியில், வெளித்தொட்டியிலிருந்து பெயர்ந்த நுரைத் துண்டு ஒன்று இடது இறக்கையின் முன் விளிம்பில் மோதியிருந்தது. அங்கே இருந்த கார்பன் கவசத்தில் துளை. பதினாறு நாள் அந்தத் துளை ஒன்றும் செய்யவில்லை. சோதனைகள் எல்லாம் நன்றாக முடிந்தன. காற்று மண்டலத்துக்குள் நுழைந்ததும் கொதிக்கும் வாயு அந்த வழியாக இறக்கைக்குள் புகுந்து, உள்ளிருந்து தின்றது. தரையிறங்க 16 நிமிடம் இருந்தபோது கொலம்பியா சிதறியது. கர்னாலில் அவர் படித்த பள்ளிப் பிள்ளைகள் கொண்டாட்டத்துக்குக் கூடியிருந்த மாலை அது. அந்த மாலையை நினைக்கும்போது இன்றும் மனம் கனக்கிறது.

கலம் நெருப்புக்குள் போனதும் இன்னொன்றும் நடக்கும். சுற்றியுள்ள காற்று வெப்பத்தால் மின்னேற்றம் பெற்று ஒரு திரையாக மூடிக்கொள்ளும். ரேடியோ அலை அதை ஊடுருவாது. வீட்டுக்குத் திரும்பும் ஒவ்வொரு கலமும் சில நிமிடங்கள் இப்படி ஊமையாகிவிடும். உள்ளே எல்லாம் நலமா, நாசமா என்று கீழே இருப்பவர்களுக்குத் தெரியாது.

9.37 கடந்தது. 9.38. 9.39.

*

5 கி.மீ. உயரத்துக்கு வந்தபோது கலம் நொடிக்கு 101 மீட்டர் வேகத்தில் விழுந்துகொண்டிருந்தது. கவசம் தாங்கிவிட்டது.

இந்த எண்ணைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். நொடிக்கு 8,000 மீட்டராக இருந்தது 101 ஆகிவிட்டது. வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப ஆற்றல் கூடும் என்பதால், வேகம் தந்த ஆற்றலைப் பத்தாயிரம் பங்காக வைத்தால் 9,998 பங்கைக் காற்றே தின்றுவிட்டது. பாராசூட்டுக்கு விட்டுவைத்தது பத்தாயிரத்தில் இரண்டு பங்குகூட இல்லை.

அப்படியானால் பாராசூட் சின்ன விஷயம்தானே என்று தோன்றும். விளாதிமிர் கமரோவைக் கொன்றது அந்த இரண்டு பங்குதான். 1967 ஏப்ரல் 24. சோயூஸ்-1 கலத்தில் ஆயிரம் கோளாறுகள். ஒரு பக்கத்துச் சூரியத் தகடு விரியவே இல்லை. அந்த நிலையிலும் கமரோவ் கையாலேயே கலத்தைத் திருப்பி, எந்திரத்தைச் சரியான நேரத்தில் எரித்து, நெருப்பையும் தாண்டிவிட்டார். கிட்டத்தட்ட வீட்டு வாசலுக்கு வந்துவிட்டார். பிரதான பாராசூட் பெட்டியை விட்டு வெளியே வரவில்லை. மாற்றுப் பாராசூட் வந்தது, ஆனால் ஏற்கெனவே தொங்கிக்கொண்டிருந்த சிறிய பாராசூட்டோடு சிக்கிக்கொண்டது. கலம் கல்லைப் போல் தரையில் மோதியது. விண்வெளிப் பயணத்தில் உயிரிழந்த முதல் மனிதர் அவர்.

பாராசூட்டில் இறங்கும் துணிச்சலுக்குக் கொல்கத்தாவில் ஒரு பழைய வரலாறு இருக்கிறது என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். 1889-ல் பெர்சிவல் ஸ்பென்சர் என்ற ஆங்கிலேய பலூன் வித்தைக்காரர் கல்கத்தாவுக்கு வந்தார். வாயு நிரப்பிய பலூனில் ஏறி நகரத்தை அண்ணாந்து பார்க்க வைத்தார். கூட்டத்தோடு நின்று பார்த்ததோடு நிற்காதவர் ராமச்சந்திர சாட்டர்ஜி. உடற்பயிற்சி வித்தைகளில் பேர்போன வங்காளி. ஸ்பென்சரோடு ஏறினார், கற்றுக்கொண்டார். அதே ஆண்டு மே மாதம் நார்கேல்டாங்காவிலிருந்த எரிவாயு ஆலை வளாகத்திலிருந்து தனியாகவே பலூனில் பறந்தார். அடுத்த ஆண்டு, 1890-ல், பலூனிலிருந்து பாராசூட்டில் குதித்துத் தரையிறங்கினார். இந்தியர் ஒருவர் பாராசூட்டில் இறங்கியது அதுவே முதல் முறை. கிடர்பூரில் புதிய துறைமுகத்துக்காக மண் வெட்டிக்கொண்டிருந்த காலம் அது. கப்பல்கள் எப்படி உள்ளே வரும் என்று ஆற்றங்கரையில் திட்டம் போட்டுக்கொண்டிருந்தபோது, மனிதன் எப்படிக் கீழே வருவான் என்று இந்த மனிதர் நகரத்துக்கே காட்டினார். பள்ளிப் பாடங்களில் இவர் பெயர் இல்லாதது பெரிய குறை.

பாராசூட்டை விரிப்பது என்பது ஒரே நொடியில் நடந்துவிடக் கூடாத காரியம். மூட்டையிலிருந்து பெரிய துணி திடீரென்று முழுதாக விரிந்தால் கயிறுகள் அறுந்துவிடும், இல்லையென்றால் துணி கிழிந்துவிடும். அதனால் படிப்படியாகச் செய்ய வேண்டும். முதலில் கையகலக் குடை ஒன்று வெளியே பாய்ந்து அடுத்ததை இழுக்கும். அது கலத்தின் ஆட்டத்தை அடக்கி வேகத்தைக் குறைக்கும். கடைசியில் பெரிய குடை. அந்தப் பெரிய குடையின் வாயையும் ஒரு சுருக்குக் கயிற்றால் கட்டி வைத்திருப்பார்கள். முதலில் பாதி வாய்தான் திறக்கும். சில நொடி கழித்து சிறிய வெடிமருந்துக் கத்தி ஒன்று அந்தக் கயிற்றை வெட்டும். அப்போதுதான் குடை முழுதாக விரியும். இந்தத் துணியை மடிப்பதும் பையில் அடைப்பதும் மெஷினுக்கு விட்டுவிடக்கூடிய வேலை இல்லை. மடிப்பு மடிப்பாகக் கையால் செய்து, ஒவ்வொரு கட்டத்தையும் இன்னொருவர் சரிபார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். நம் கலங்களுக்கு இந்தப் பாராசூட்டுகளைச் செய்து கொடுப்பது ஆக்ராவில் உள்ள பாதுகாப்பு ஆராய்ச்சி நிறுவனத்தின் ஆய்வுக்கூடம்.

எஸ்.ஆர்.இ.-1-ல் சிறிய குடைகள் விரிந்தன. வேகம் நொடிக்கு 101-லிருந்து 47 மீட்டருக்கு இறங்கியது. 2 கி.மீ. உயரத்தில் பிரதான குடை. நொடிக்கு 12 மீட்டர்.

9.46. கலம் வங்கக் கடலில் விழுந்தது.

ஸ்ரீஹரிகோட்டாவுக்குக் கிழக்கே 140 கி.மீ. கொண்டாட வேண்டிய நேரம்தான். ஆனால் மேலே இருந்து பத்திரமாக வந்தது தண்ணீரில் மூழ்கினால்? அமெரிக்காவுக்கு அது நடந்திருக்கிறது. 1961 ஜூலையில் கஸ் கிரிஸ்ஸம் வந்த மெர்க்குரி கலத்தின் கதவு இறங்கியதும் திறந்துகொண்டது. அவர் நீந்தித் தப்பினார், கலம் அட்லாண்டிக்கின் அடியில் போய்ச் சேர்ந்தது. எஸ்.ஆர்.இ.-1-ல் மிதவைகள் உடனே ஊதிக்கொண்டன. கலம் மிதந்தது. கடலோரக் காவல்படையும் கடற்படையும் விமானங்கள், ஹெலிகாப்டர்கள், கப்பல்களோடு காத்திருந்தன. காவல்படையின் சாரங் கப்பல் அதை மீட்டுக்கொண்டு எண்ணூர் துறைமுகத்துக்கு வந்தது. சுற்றுப்பாதைக்குப் போன பொருளை அங்கிருந்து திருப்பிக் கொண்டுவந்த ஒரு சில நாடுகளின் வரிசையில் அன்று இந்தியா சேர்ந்தது. சென்னைக்கு வடக்கே, மீனவர் படகுகளுக்கும் நிலக்கரிக் கப்பல்களுக்கும் பழகிய எண்ணூர்க் கரையில், விண்வெளியிலிருந்து திரும்பிய முதல் இந்தியக் கலம் கரையேறியது. எண்ணூர்க்காரர்கள் உரிமையோடு பெருமைப்பட்டுக்கொள்ள வேண்டிய நாள் அது.

*

உலோக உலை திரும்பி வந்தது. மனிதன் வருவானா?

நொடிக்கு 12 மீட்டரில் தண்ணீரில் மோதுவதை ஓர் உலை பொறுத்துக்கொள்ளும், முதுகெலும்பு பொறுக்காது. ஆள் உட்காரும் அளவுக்குக் கலம் பெரிதாக வேண்டும், மெதுவாக விழ வேண்டும். 2014 டிசம்பர் 18 காலை 9.30 மணிக்கு ஜி.எஸ்.எல்.வி. மார்க்-3 ராக்கெட்டின் முதல் சோதனைப் பயணத்தில் 'கேர்' என்ற கலம் ஏறியது. மூன்றே முக்கால் டன் அளவு எடை, 3.1 மீட்டர் அகலம். மூன்று பேர் உட்காரக்கூடிய கலத்தின் வெளியுருவம் அப்படியே இதில் இருந்தது. திருவனந்தபுரம் விக்ரம் சாராபாய் விண்வெளி மையத்தில் உன்னிகிருஷ்ணன் நாயர் தலைமையிலான குழு அதை உருவாக்கியிருந்தது. ராக்கெட் திட்டத்தின் இயக்குநர் சோமநாத்.

மேல் அடுக்கு எந்திரம் அப்போது தயாராகவில்லை, வெறும் கூடுதான் வைத்திருந்தார்கள். அதனால் கலம் சுற்றுப்பாதைக்குப் போகவில்லை. 126 கி.மீ. உயரத்தில் ராக்கெட்டை விட்டுப் பிரிந்து வளைந்து இறங்கியது. வெளிப்புறம் ஏறத்தாழ 1,000 டிகிரி செல்சியஸ் வரை சுட்டது. 31 மீட்டர் விட்டமுள்ள பாராசூட்டுகள் விரிந்தன. நாட்டில் அதுவரை செய்யப்பட்ட பாராசூட்டுகளிலேயே பெரியவை. நொடிக்கு சுமார் 7 மீட்டர் வேகத்தில், புறப்பட்ட இருபத்தோராவது நிமிடத்துக்குள், ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து 1,600 கி.மீ. தள்ளி அந்தமான் கடலில் இறங்கியது. கிடர்பூரிலிருந்து போர்ட் பிளேருக்குப் பயணிகள் கப்பல் மூன்று நான்கு நாள் ஓடிச் சேரும் திசை அது. காவல்படையின் சமுத்திர பஹரேதார் கப்பல் கலத்தை எடுத்துக்கொண்டு மறுபடி எண்ணூருக்கே வந்தது.

மனிதன் விஷயத்தில் இன்னொரு கணக்கும் உண்டு. வேகம் குறையும்போது உடம்பின் எடை பல மடங்காகும். சோயூஸ் சரியாக இறங்கினால் சுமார் நான்கு மடங்கு. பாதை செங்குத்தாகிவிட்டால் எட்டு, ஒன்பது மடங்கு. அறுபது கிலோ ஆள் அரை டன்னாகக் கனப்பார். மூச்சு இழுப்பதே பாடு. அதனால்தான் எல்லோரும் மல்லாந்து படுத்தபடி வருகிறார்கள். கலத்தை ஒரு பக்கம் சற்றுக் கனமாக வைத்து, அதைச் சுழற்றிச் சுழற்றிக் காற்றில் மிதக்கச் செய்து இந்தச் சுமையைக் குறைக்கிறார்கள். 'கேர்' அந்த வித்தையைச் செய்யவில்லை, எறிந்த கல் விழுவது போலத்தான் விழுந்தது. ககன்யான் அதைச் செய்தாக வேண்டும்.

2024 பிப்ரவரியில் ககன்யானுக்காக நான்கு விமானப்படை அதிகாரிகளின் பெயர்கள் அறிவிக்கப்பட்டன. பிரசாந்த் பாலகிருஷ்ணன் நாயர், அங்கத் பிரதாப், சுபான்ஷு சுக்லா, நம் சென்னையில் பிறந்த அஜித் கிருஷ்ணன். இவர்களில் சுக்லா 2025 ஜூலை 15 அன்று டிராகன் கலத்தில் கலிஃபோர்னியாவின் சான் டியேகோ கடலருகே இறங்கிக் காட்டினார். அது அமெரிக்கக் கலம். நம் கலத்தில் ஒருவரை ஏற்றுவதற்கு முன் இஸ்ரோ இன்னொரு கேள்விக்கும் பதில் சொல்ல வேண்டியிருந்தது. விண்வெளியிலிருந்து திரும்புவதை இதுவரை பார்த்தோம். விண்வெளிக்குப் போகாமலே திரும்ப நேர்ந்தால்? கிளம்பிய ஒரு நிமிடத்தில் ராக்கெட் கைவிட்டால், உள்ளே இருப்பவர்களை அதன் பிடியிலிருந்து பிய்த்து எடுத்துக்கொண்டு வர வேண்டும். பன்னிரண்டு நாள் யோசிக்க நேரம் கிடையாது. பன்னிரண்டு நொடிகூடக் கிடையாது.

அதைச் சோதிக்கத்தான் 2023 அக்டோபர் 21, சனிக்கிழமை காலை, ஸ்ரீஹரிகோட்டாவில் ஒற்றை எந்திரம் கொண்ட ஒரு ராக்கெட் நின்றுகொண்டிருந்தது. தலையில் ஆளில்லாத ககன்யான் கலம், அதற்கும் மேலே அதை இழுத்துக்கொண்டு பறக்க வேண்டிய தப்பிக்கும் அமைப்பு. கடலில் கடற்படையின் சக்தி கப்பல் காத்திருந்தது. எட்டு மணிக்குக் கிளம்ப வேண்டும். வானம் மூடியிருந்தது. எட்டரைக்குத் தள்ளினார்கள். பிறகு எட்டே முக்காலுக்கு. தொலைக்காட்சியில் நாடே பார்த்துக்கொண்டிருந்தது. எண்ணிக்கை தானியங்கிக் கணினியின் கைக்குப் போனது. பத்து. ஒன்பது. எட்டு. ஏழு. ஆறு.

ஐந்தில் கணினி எண்ணிக்கையை நிறுத்திவிட்டது. எரிபொருள் நிரம்பிய ராக்கெட் ஏவுதளத்தில் அப்படியே நின்றது. எந்திரம் பற்றவில்லை. இஸ்ரோ தலைவர் சோமநாத் ஒலிபெருக்கியின் முன்னால் வந்தார்.

(தொடரும்)